முற்றத்தில் விழும் சிவப்பு விளக்கு

நீ இந்த ஊரை ஏமாற்றிவிட்டாய். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நலம் விசாரிப்பதையெல்லாம் உன் அம்மா போனில் செய்துகொள்கிறாள். நம் ஊர்ப் பொட்டலில் மூன்று காற்றாலைகளை நிறுத்துவதற்காக, அம்மன் கோயில் வாசலில் கூடிய சபையில் நீ இரண்டு வாக்குக் கொடுத்தாய். உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்கு விமானம் பக்கத்தில் வந்தால்தான் எரியும், மற்ற நேரமெல்லாம் அணைந்து கிடக்கும் என்றாய். ஊர் கொடுக்கும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துச் சேர்த்து வைப்போம், கரண்ட் போகும்போது அதிலிருந்து மின்சாரம் எடுத்துக் குடிநீர்த் தொட்டியின் மோட்டாரை ஓட்டித் தருவோம் என்றாய். இந்த இரண்டையும் நம்பி ஊர் நிலத்தைக் கொடுத்தது, தண்ணீரைக் கொடுத்தது. இன்றைக்கு அந்த விளக்கு பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை இமைத்துக்கொண்டே இருக்கிறது. ஹைட்ரஜன் லாரி ஏறிப் போகிறது. கேட்டால், "அப்பா, அதெல்லாம் பிரசன்டேஷன்ல சொன்னது, அக்ரிமென்ட்ல இல்ல" என்கிறாய்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். தனியாக எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் மஞ்சள் கை ஒன்று வரும். இந்த விஷயத்தில் உனக்கு நான் எத்தனை செய்தி அனுப்பினேனோ அத்தனை மஞ்சள் கை என் போனில் வரிசையாக நிற்கிறது. அந்தக் கை இதுவரை ஒரு திருகாணியையும் முடுக்கவில்லை. சபையில் சொன்ன சொல்லுக்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கும், உன் கம்பெனிக்காரர்கள் யாருக்காவது தமிழ் தெரிந்தால் அவர்களும் படிக்கட்டும்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றபோது, "இல்ல, எங்க ஊர் அம்மன் சன்னிதியிலதான் தாலி கட்டுவேன்" என்று சொன்னது நீ. கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் ஊரில் கல்யாணம் என்றால் ஊருக்குப் பாக்கு வைக்க வேண்டும். முதல் பாக்கு அம்பலத்தார் வீட்டுக்கு. அவர் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போக முடியும். ஊர்த் தலைமைக்காரர் எடுக்காத பாக்கை அடுத்த வீட்டுக்காரன் எடுக்க மாட்டான். இது உனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் நானும் உன் அம்மாவும் தட்டோடு போனோம். அம்பலத்தார் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "வாங்கண்ணே, வாங்க மதினி. மாப்பிள்ளை எப்ப வாராக? பொண்ணு எந்தூரு?" என்று ஒன்று விடாமல் விசாரித்தார். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. எழுந்து நின்று தட்டை நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்குட்டு அந்த மேசை மேல வச்சிருங்கண்ணே" என்றார்.

"மொதப் பாக்கு. கையில எடுத்துக்கங்க, அம்பலம்."

"எடுத்துக்குறேன். எங்க போகப் போறேன்? போன தடவ கோயில் வாசல்ல நீங்க எடுத்தீகளே ஒரு வெத்தல, அதுவே இன்னும் செரிக்கல. அது செரிக்கட்டும், இத நான் எடுத்துக்குறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், ஒரு சண்டையோடு போயிருக்கும். அவர் சிரித்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தோம். பாதி வழியில் உன் அம்மா நின்றாள். பிறகு, "காப்பி நல்லாத்தான் போட்டிருந்தாக. எனக்குத்தான் தொண்டையில எறங்கல" என்றாள். வீட்டுக்கு வந்து பத்திரிகைக் கட்டுகளை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவை அங்கேதான் இருக்கின்றன. இந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் உன் கல்யாணப் பத்திரிகை போகவில்லை.

அந்த முதல் வெற்றிலை எப்படி என் கைக்கு வந்தது என்பதை நீ மறந்திருக்கலாம். சபைக்கு உன் மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். நீ கோயில் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினாய். படத்தில் மூன்று கோபுரம், பக்கத்தில் ஹைட்ரஜன் எடுக்க ஒரு கொட்டகை, கொட்டகையிலிருந்து குடிநீர்த் தொட்டி வரைக்கும் ஒரு பச்சைக்கோடு. அந்தப் பச்சைக்கோடு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பேசி முடிந்து எல்லோரும் சரி என்றதும் அம்பலத்தார் வெற்றிலைத் தட்டை உன் மேலதிகாரியிடம் நீட்டினார். அந்த மனிதர் கையைக் கூப்பி, "நான் வெத்தலை போடறதில்லைங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு அது வாயில் போடுகிற பண்டம். நமக்கு அது கையெழுத்து. அம்பலத்தாரின் கை அந்தரத்தில் நின்றது. சபை நின்றது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சின்னப் பிள்ளையில் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது பார்ப்பாயே, அந்தப் பார்வை. நான் எழுந்து போய் அந்த வெற்றிலையை எடுத்தேன்.

எடுத்தது தப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. எவன் எடுக்கிறானோ அவன் பொறுப்பு என்று தெரிந்துதான் எடுத்தேன். என் மகன் சொல்கிற சொல்லுக்கு நான் பொறுப்பு ஏற்காமல் வேறு எவன் ஏற்பான்? தப்பு எங்கே என்றால், அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ, "நல்லவேளைப்பா, சமாளிச்சிட்டீக" என்று சொல்லிச் சிரித்தாயே, அங்கே இருக்கிறது. நான் சமாளிக்கவில்லை. நீ சமாளித்துக்கொண்டாய்.

நான் காற்றாலைக்கு விரோதி என்று உன் கம்பெனியில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சிரிப்புத்தான் வருகிறது. உன்னை இந்தப் படிப்புக்கு அனுப்பியது எது? கன்னியாகுமரிக்குப் போன அந்த ரயில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டி மெதுவாகப் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளைக் கோபுரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. நீ ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "அப்பா, நம்ம ஊர்லயும் ஆடி மாசம் இப்படித்தானே அடிக்குது, நம்ம ஊர்ல ஏன் இது இல்ல?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். காரைக்குடியில் எலக்ட்ரிக் கடை வைத்து ஸ்விட்சும் ஒயரும் விற்றவன். கடையை மூடிவிட்டு நூலகத்துக்குப் போய்த் தேடினேன், பிறகு யூடியூபில் தேடினேன், பிறகு உன்னையே நச்சரித்தேன். தப்பாகவும் நிறையப் புரிந்துகொண்டிருக்கிறேன். கோபுரத்துச் சிவப்பு விளக்கை, உள்ளே மெஷின் சூடேறியதற்கான எச்சரிக்கை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் சிரித்துவிட்டு, "அது மெஷினுக்கு இல்லப்பா, பைலட்டுக்கு" என்றாய். உயரம் கூடக் கூடக் காற்று வலுக்கும், அதனால் இப்போது வருகிற உயரமான கோபுரங்களுக்கு நம் ஊர்க் காற்றும் போதும் என்று நீதான் சொன்னாய். அதை இந்த ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான். இறக்கை சுற்றினால் மேகம் கலைந்துவிடும், மழை வராது என்று சொன்னவர்களோடு நாள் கணக்கில் வாதாடியது நான். உன் கம்பெனிக்குச் சம்பளமில்லாத ஆளாக வெயிலில் அலைந்தவனை விரோதி என்கிறார்கள்.

உன் அம்மாவும் அலைந்தாள். ஹைட்ரஜன் என்றால் என்ன என்று பெண்கள் கேட்டபோது நீ ஏதேதோ சொன்னாய், யாருக்கும் விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள்: "வத்தல் போடுறோமே, அதுதான். வெயில் காயிறப்ப காயப்போட்டு மழைக்கு எடுத்துக்குறோம்ல? ஆடியில காத்து மிச்சமா அடிக்கும். அத வச்சு தண்ணியப் பிரிச்சு அந்த வாயுவ சிலிண்டர்ல அடைச்சு வைப்பாக. பங்குனியில காத்து நின்னு போச்சுன்னா அதுலேருந்து கரண்ட் எடுப்பாக." போட்டதில் பாதிகூடத் திரும்பி வராது என்று நீ நேர்மையாகச் சொன்னாய். அதற்கும் அவள், "வத்தலும் சுருங்கத்தானே செய்யும்? சுருங்கினாலும் ஆபத்துக்கு ஆகுதுல்ல" என்றாள். ஊர் தலையாட்டியது. ஊர் தலையாட்டியது உன் படத்தைப் பார்த்து இல்லை, அவள் சொன்னதைக் கேட்டு.

இப்போது விளக்கைப் பற்றிச் சொல்கிறேன். உன் சைட் இன்ஜினியருக்கும் உனக்கும் அது வெறும் விளக்காக இருக்கலாம். செல்லம்மாள் மதினி வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும். அவள் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணன் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும். சின்னவனாக இருக்கும்போது அவர் வண்டியில் ஏறி ஹாரன் அடித்திருக்கிறாய். பங்குனி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் உள்ளறையில் படுக்க முடியாது, காற்று எட்டிப் பார்க்காது. இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் போல நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றித்தான் படுக்கை. அந்த முற்றத்தின் சதுர வானத்தில் உன்னுடைய மூன்று கோபுரங்களின் தலையும் தெரிகிறது.

ஒரு நாள் பொழுது மசங்கும் நேரத்தில் செல்லம்மாள் மதினி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "வந்து ஒக்காந்து பாருங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். உட்கார்ந்தேன். இருட்ட இருட்ட முதல் விளக்கு எரிந்தது. பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. துடைத்துத் துடைத்துப் பளபளப்பேறிய ஆத்தங்குடி டைல் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு தோன்றும், மறையும். தூணருகில் இன்னொன்று தோன்றும், மறையும். மூன்றும் ஒன்றாக இமைத்தாலாவது ஒரு ஒழுங்காக இருக்கும். ஒன்று இமைக்கும்போது மற்றது விழிக்கிறது, மூன்று பேர் மூன்று தாளத்தில் கை தட்டுவது போல. சண்முகம் அண்ணன் கட்டிலில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். சிவப்பு விழும்போதெல்லாம் அவருடைய வலது கால் ஒரு அழுத்து அழுத்தியது. சிவப்பு, அழுத்து. சிவப்பு, அழுத்து.

"என்ன பண்றாக?" என்று கேட்டேன்.

"பிரேக்கு போடுறாரு" என்றாள் மதினி. "முன்னால போற வண்டி சிவப்பு வெளக்கு போட்டா நிறுத்தணும்ல. விடிய விடிய இப்படித்தான் வண்டி ஓட்டுறாரு. காலையில எந்திரிச்சா முட்டி வலிக்குதுங்குறாரு. கண்ண இறுக்கி மூடுனாலும் செவக்குதுங்குறாரு. ஒங்க மகன்கிட்ட சொல்லுங்க தம்பி, இவரு ரிட்டயர் ஆயிட்டாருன்னு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவருடைய கால் மட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதை உன்னிடம் சொன்னதும் உன் கம்பெனி என்ன செய்தது? ஒரு ஆட்டோ நிறையக் கறுப்புத் திரைச்சீலை அனுப்பியது. ஜன்னலுக்கு ஜன்னல் மாட்டிக்கொள்ளவாம். முற்றத்துக்கு எந்த ஜன்னலில் திரை மாட்டுவது? நீ இந்த ஊரில்தானே பிறந்தாய், நம் வீடுகளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? செல்லம்மாள் மதினி அந்தத் திரைச்சீலையை மொட்டை மாடியில் விரித்து மோர் மிளகாய் காய வைத்திருக்கிறாள். கெட்டித் துணி, நன்றாக இருக்கிறது என்கிறாள். அந்த வரைக்கும் உன் கம்பெனிக்கு நன்றி.

"ரூல்ஸ் இருக்குப்பா" என்பாய். இருக்கட்டும். விளக்கைக் கழற்று என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு மூன்று இளவட்டங்கள் மேலே ஏறி விளக்கை உடைக்கலாமா என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர்களைத் திட்டி அனுப்பியதும் நான்தான். நாளைக்கு ஒரு ஹெலிகாப்டர் இந்தப் பக்கம் வரும், அதில் இருப்பவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்றுதான் சொன்னேன். ஆனால் விமானம் வருவதை ரேடாரில் பார்த்து அப்போது மட்டும் எரிகிற ஏற்பாடு உண்டு என்று சொன்னது நீ. அனுமதி வாங்கிவிடுவோம் என்று சொன்னதும் நீ. அனுமதி என்ன ஆயிற்று என்று கேட்டால், "மூணு டர்பைனுக்கு ரேடார் வைக்கிறது கட்டுபடியாகாதுன்னு விட்டுட்டாங்கப்பா, அப்ளையே பண்ணல" என்று சாவகாசமாகச் சொல்கிறாய். மறுத்திருந்தால் நான் ஊரிடம் போய், அரசாங்கம் மறுத்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? அதுதான் முடியாது என்றால், கீழ்ப்பக்கம் வெளிச்சம் விழாமல் தடுப்பு வைத்த விளக்குகள் இருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் தானாக மங்குகிற விளக்குகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் இமைக்க வைப்பது உங்களுக்கு ஒரு நாள் வேலை. பைலட் மேலே இருக்கிறான். செல்லம்மாள் கீழே இருக்கிறாள். பைலட்டுக்குத் தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. செல்லம்மாளுக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?

அடுத்தது தண்ணீர். பங்குனி கடைசியில் ஒரு காலை. கரண்ட் போய்விட்டது, இலைகூட அசையவில்லை, உன் மூன்று காற்றாலைகளும் கையை விரித்துக்கொண்டு நின்றன. தொட்டியில் தண்ணீர் இல்லை. பெண்கள் குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உன் அம்மாவின் குடமும் அதில் இருந்தது. நீ வாக்குக் கொடுத்தது இந்தக் காலைக்காகத்தான். அந்த நேரம் பார்த்து உன் கொட்டகைக் கதவு திறந்தது. நீள நீளமான உருளைகளை அடுக்கிக்கொண்டு ஒரு லாரி குழாயடி வழியாகவே புறப்பட்டுப் போனது. பெண்கள் குடத்தை ஓரமாக நகர்த்தி அதற்கு வழிவிட்டார்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வாயுவாகி, நம் கண்ணெதிரே, வேறு எங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் போகிறது. டீக்கடை இபுராகீம் பாய் சும்மா இருப்பாரா? "அண்ணே, ஒங்க மகன் கெட்டிக்காரருண்ணே. தண்ணி வண்டி ஊருக்குள்ள வரும், நான் பார்த்திருக்கேன். ஊருலேருந்து தண்ணி வண்டி வெளிய போறத இப்பத்தான் பாக்குறேன்" என்றார். உன் அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் உடனே, "கோவிச்சுக்காதீக ஆத்தா, டீ சாப்பிடுங்க" என்றார். அவள் டீ சாப்பிடவில்லை. வத்தல் கதையைச் சொன்னது அவள்தானே. குழாயடியில் ஒருத்தி, "என்னக்கா, வத்தல லாரியில ஏத்திட்டாக போல" என்று கேட்டுவிட்டாளாம்.

சைட் இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். நல்ல பையன், வெளியூர். "ஹைட்ரஜன கேஸாவே விக்கிறோம் சார். அத திரும்ப கரண்ட் ஆக்குற ஃப்யூயல் செல் இந்த பேஸ்ல இல்ல, அடுத்த பேஸ்ல வரும்" என்றான். அடுத்த கட்டம் எப்போது என்றேன். இதற்கே இன்னும் கணக்கு முடியவில்லை என்றான். தண்ணீர் மட்டும் ஏன் முதல் கட்டத்திலேயே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அது சாருக்குத்தான் தெரியும்" என்றான். சார் என்று அவன் சொன்னது உன்னை.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ அந்த அக்ரிமென்ட் வசனத்தைச் சொன்னாய். கூடவே, "நான் என்னப்பா பண்றது, நானும் சம்பளக்காரன்தானே. மேல முடிவு பண்றாங்க" என்றாய். மேலே இருப்பவர்கள் முடிவு பண்ணட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் அவர்கள் முடிவு மாறியது உனக்கு எப்போது தெரியும்? கொட்டகைக்கு அஸ்திவாரம் போடும்போதே தெரியும் என்று அதே போனில் நீயே சொன்னாய். தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சபை இன்னொரு முறை கூடியிருக்கும், பேசியிருக்கும், வேண்டும் வேண்டாம் என்று ஏதாவது ஒன்று முடிவாகியிருக்கும். நீ பேசாமல் இருந்துவிட்டாய். பொங்கலுக்கு வந்தாய், சண்முகம் அண்ணன் வீட்டில் கரும்பு கடித்தாய், பேசாமல் இருந்தாய். என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

நம் கடையில் நடந்தது ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ பத்தாம் வகுப்பு லீவில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மானகிரியிலிருந்து ஒருவர் எமர்ஜென்சி லைட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். "நீங்க விடிய எரியும்னீக, பாதி ராத்திரியில படுத்துருச்சு" என்றார். பெட்டியில் அச்சடித்திருந்தது அதில் பாதி நேரம்தான். படிக்காமல் வாயால் அளந்துவிட்டது நான். கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான் என்று தெரிந்தே அதை வாங்கி வைத்துக்கொண்டு, நன்றாக எரிகிற வேறொன்றைக் கொடுத்து அனுப்பினேன். நீ அப்போது, "பெட்டியிலதான் தெளிவாப் போட்டிருக்கேப்பா" என்றாய். அவர் பெட்டியைப் படித்துவிட்டு வாங்கவில்லை, என்னைக் கேட்டுவிட்டு வாங்கினார் என்று சொன்னேன். உனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். இந்த ஊர் உன் அக்ரிமென்டைப் படித்துவிட்டு நிலம் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்தது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் நாலு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் நீ சொன்ன ஒன்றைச் செய்ய முடியாமல் போகும். எல்லோருக்கும் போகும், எனக்கும் போயிருக்கிறது. முடியாது என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கோபப்படுவாள், அந்தக் கோபம் ஒரு பொழுது. நீ தெரிந்தும் பேசாமல் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாய் என்று பிறகு அவளுக்குத் தெரியவந்தால் அது தீராது. என்னைப் பார்த்தாவது தெரிந்துகொள், எனக்கு இன்னும் தீரவில்லை.

உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "கல்யாணப் பிள்ளைக்கு இப்படியா எழுதுவாக? கொஞ்சம் தணிச்சு எழுதுங்களேன்" என்றாள். தணிக்க மாட்டேன் என்றேன். "அப்ப கடைசியில என்ன செய்யணும்னாச்சும் தெளிவா எழுதுங்க. திட்டுறது மட்டும் எழுதுனா அவன் திட்டு வாங்கிட்டோம், முடிஞ்சுதுன்னு இருந்துருவான்" என்றாள். அது சரி என்று பட்டது. எழுதுகிறேன்.

உன் மேலதிகாரி செய்ய வேண்டியது: விமானம் வரும்போது மட்டும் எரியும் ஏற்பாட்டுக்கு முறையாக அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் மறுக்கட்டும், அதை ஊருக்கு வந்து சொல்ல வேண்டும். அதுவரை மூன்று விளக்குக்கும் கீழ்த்தடுப்பு மாட்ட வேண்டும். இதற்கு அவர் வெற்றிலை போட வேண்டியதில்லை.

சைட் இன்ஜினியர் செய்ய வேண்டியது, மூன்று விளக்கையும் ஒன்றாக இமைக்க வைப்பது. அந்தப் பையனிடம் நான் பேசிவிட்டேன், செய்கிறேன் என்கிறான், உன்னிடமிருந்து உத்தரவு வர வேண்டுமாம். உத்தரவு கொடு. மஞ்சள் கை அனுப்பாதே, வார்த்தையில் எழுது.

உன் கம்பெனி ஃப்யூயல் செல் வாங்கி வைத்துத் தொட்டி மோட்டாருக்கு ஒயர் இழுக்க வேண்டும். அது இந்த வருஷம் ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லிவிட்டு, அது வரும்வரை கரண்ட் போகிற நேரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். காற்றாலைக்காரன் டீசல் ஓட்டுவது கேவலம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கேவலத்தில்தான் வேலை சீக்கிரம் நடக்கும். இரண்டில் ஒன்று வரும்வரை நம் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கொட்டகைக்குப் போகாது. வால்வை மூடச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், முதல் கையெழுத்து என்னுடையது.

உன் அம்மா சண்முகம் அண்ணனின் முற்றத்துக்கு மேலே கட்டுவதற்குப் பந்தல்காரனிடம் தென்னங்கீற்றுக்குச் சொல்லியிருக்கிறாள். அது நம் செலவு. சண்முகம் அண்ணன் செய்ய வேண்டியது, பிரேக்கிலிருந்து காலை எடுப்பது.

நீ செய்ய வேண்டியது, லீவு போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் இங்கே வருவது. ஊர் கூடும். அம்பலத்தார் தட்டை நீட்டுவார். எது முடியும், எது முடியாது, எது எப்போது என்று வெள்ளைத் துணியும் படமும் இல்லாமல் வாயால் சொல்லிவிட்டு, அந்த வெற்றிலையை நீயே உன் கையால் எடுக்க வேண்டும். இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்க்காதே. நான் எழுந்திருக்க மாட்டேன்.

அதுவரை பத்திரிகைகள் பீரோவில்தான். அம்பலத்தார் வீட்டு மேசையில் நாங்கள் வைத்த தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. திருப்பி அனுப்பவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த வீட்டம்மா தினமும் காலையில் வாடிய வெற்றிலையை எடுத்துவிட்டுப் புது வெற்றிலை வைக்கிறாளாம். உன் அம்மாவிடம் குழாயடியில் சொல்லியிருக்கிறாள், "ஒங்க மகன் வந்து நிக்கிறப்ப தட்டு வாடியிருக்கக் கூடாதுல்ல" என்று. அவள் மாற்றுவதை நிறுத்துவதற்குள் வந்து சேர்.